விசிலோடு விமானம் ஏறலாமா?

வந்த கடிதம், சுருக்கமாக:

"அண்ணாச்சி, எனக்கு 24 வயது. ராதாபுரம் பக்கம் கடற்கரை ஊர். பி.பி.எட். முடித்துவிட்டு வள்ளியூரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். காலேஜ் டீமில் ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) ஆடியவன். இப்போது சுற்றுவட்டாரத்தில் கோவில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் நடக்கிற கால்பந்துப் போட்டிகளில் ரெஃப்ரீயாக நிற்கிறேன். வெளிநாட்டில் ரெஃப்ரீ ஆக வேண்டும் என்று ஆசை. கத்தாரில் ரெஃப்ரீ வேலை வாங்கித் தருகிறேன், இரண்டரை லட்சம் ஆகும் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா. விசில் ஊதுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்கிறார் அப்பா.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன மாதம் ஒரு ஃபைனல். நல்ல காற்று. ஒரு டீமின் பேக், தன் கோலிக்கே த்ரோ எறிந்தான். கோலி பந்தை விட்டுவிட்டான், அது நேராகக் கோலுக்குள் போய்விட்டது. கோலி தொடவில்லை என்று நான் கார்னர் கொடுத்தேன். மேட்ச் முடிந்ததும் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். நான் கொடுத்தது சரியா? இந்தத் தொழிலுக்கு நான் லாயக்குதானா?"

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். நகை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அந்த ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விசாவில் தொழில் என்று என்ன போட்டிருக்கும்? ரெஃப்ரீ என்று போட்ட விசாவை அவர் காட்டப் போவதில்லை. கிளீனர், ஹெல்ப்பர் என்று ஏதாவது இருக்கும், "அங்கே போனதும் மாத்திக்கலாம் தம்பி" என்பார். அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் வெளியுறவுத் துறையின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் இருக்கிறது, பெயரைப் போட்டுப் பார்க்கலாம். உரிமம் உள்ளவரேகூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இரண்டரை லட்சம் எந்தக் கணக்கில் வருகிறது என்று அவரே சொல்லட்டும்.

ஏஜென்ட் யோக்கியராகவே இருந்தாலும் இது நடக்காது. ரெஃப்ரீயை எந்த கிளப்பும் வேலைக்கு எடுக்க முடியாது, எடுத்தால் அவர் ரெஃப்ரீயே இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கமோ, அதன் கீழுள்ள நடுவர் அமைப்போதான் தன்னிடம் பதிவு செய்தவர்களை மேட்சுக்கு அனுப்பும். இங்கிலாந்தில் பிரீமியர் லீக் நடுவர்களைக் கவனித்துக்கொள்ள 2001இல் தொடங்கிய தனி அமைப்பு இருக்கிறது. அங்கே மாதச் சம்பளம் உண்டு. ஆனால் அந்தக் கதவுக்குள் நுழைந்த முதல் வெளிநாட்டுக்காரர் யார் தெரியுமா? ஜாரெட் கில்லட் என்ற ஆஸ்திரேலியர். 2021இல்தான் பிரீமியர் லீக்கில் முதல் மேட்ச் ஊதினார். அதற்கு முன் தன் நாட்டின் முதல்நிலை லீக்கில் வருஷக் கணக்கில் ஊதிப் பெயர் வாங்கியவர். 2019இல் இங்கிலாந்து வந்தபோதும் ஒரு படி கீழே, சாம்பியன்ஷிப்பில்தான் இறக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் உச்சியில் இருந்தவருக்கே இதுதான் நிலைமை.

வளைகுடாவில் பெரிய மேட்சுகளுக்கு வெளிநாட்டு ரெஃப்ரீ வருவதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள், ஆசை அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி வருகிறவர்கள் ஐரோப்பாவிலும் மற்ற இடங்களிலும் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள். சங்கம் சங்கத்திடம் கேட்டு அழைக்கும். வந்து ஊதிவிட்டு, அடுத்த விமானத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆக, வெளிநாட்டு ரெஃப்ரீ என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒருவர் இங்கேயே வளர்ந்து ஃபிஃபா பட்டியலில் ஏறி, மேட்சுக்கு மேட்ச் போய்வருகிறவர். இன்னொருவர் வேறு பிழைப்புக்காக ஒரு நாட்டுக்குப் போய்க் குடியிருந்து, அந்த ஊர்ச் சங்கத்தில் பதிவு செய்து சின்னப் பிள்ளைகள் மேட்சிலிருந்து தொடங்குகிறவர். முதல் வகைக்குப் பெருமை அதிகம், காசு குறைவு. இரண்டாவதில் சோறு போடுவது விசில் அல்ல, கையில் இருக்கிற வேறு வேலை. இரண்டு வகைக்கும் தொடக்கம் ஒன்றுதான். இந்தியாவில் பதிவு பெற்ற நடுவராக நீங்கள் ஆகியிருக்க வேண்டும். திருவிழா மேட்ச் எத்தனை ஊதினாலும் அது கணக்கில் வராது.

அதனால் திருநெல்வேலி மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் போய், மாநிலச் சங்கம் அடுத்த நடுவர் தேர்வை எப்போது, எங்கே வைக்கிறது என்று கேளுங்கள். எழுத்துத் தேர்வு, நேர்முகம், ஓட்டம் மூன்றும் இருக்கும். தேறினால் பள்ளி, கல்லூரி, மாவட்ட லீக் என்று அனுப்புவார்கள். அங்கே பார்வையாளர் உட்கார்ந்து மார்க் போடுவார். மாநிலம், தேசியம் என்று ஏறி, நாட்டின் உச்ச லீக் மேட்சுகளைத் தொடர்ந்து ஊதிய பிறகுதான் அகில இந்தியச் சங்கம் பெயரை ஃபிஃபாவுக்கு அனுப்பும். ரெஃப்ரீ என்றால் குறைந்தது 25 வயது, துணை நடுவர் என்றால் 23. சட்டையில் குத்துகிற பேட்ஜில் வருஷம் போட்டிருக்கும், அந்த வருஷத்துக்குத்தான் செல்லும். மறுவருஷம் மறுபடி ஓடிக் காட்ட வேண்டும். 45 வயதோடு வீட்டுக்கு அனுப்புகிற பழைய விதி இப்போது இல்லை, உடம்பு ஓடுகிறவரை ஓடலாம். உங்களுக்கு எல்லாம் கூடிவந்தால் முப்பதைத் தாண்டித்தான் அந்தப் பட்டியல். பொறுக்க முடியுமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் போகாத வழியும் இல்லை. 2002இல் கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்திய உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்த கோமளீஸ்வரன் சங்கர் தமிழ்நாட்டுக்காரர்தான். திண்டுக்கல் ரூபாதேவி ஃபிஃபா பட்டியல் வரை போனார். உங்கள் பள்ளியில் பந்து ஆடுகிற பெண் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள், பெண் நடுவர்களுக்கு இப்போது நல்ல தேவை இருக்கிறது.

சங்கர் கொடிதான் பிடித்தார் என்பதைக் கவனியுங்கள். இங்கே எல்லாருக்கும் நடுவில் நின்று விசில் ஊதத்தான் ஆசை. கோட்டோரம் கொடியோடு ஓடுவதை இரண்டாம் தரமாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நீங்கள் ரைட் பேக். ஆஃப்சைடு பொறி வைத்து, கடைசி ஆளோடு ஒட்டி மேலேறி இறங்கியவர். துணை நடுவர் செய்கிற வேலையில் பாதி உங்கள் காலுக்கு முன்பே தெரியும். ஒரு சீசன் கொடி பிடித்துப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம்.

ஓட்டத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வருகிற பையன்களில் பலர் கவிழ்வது இதில்தான். ஆண் ரெஃப்ரீக்கான ஃபிஃபா அளவு இது: முதலில் 40 மீட்டரை ஆறு முறை ஓட வேண்டும், ஒவ்வொன்றும் 6 விநாடிக்குள். பிறகு 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடக்க வேண்டும். இப்படி 40 முறை. 400 மீட்டர் டிராக்கில் பத்துச் சுற்று, மொத்தம் 22 நிமிஷம். கேட்கும்போது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. முதல் நாலு சுற்றுக்குச் சிரித்துக்கொண்டே ஓடுவீர்கள். ஆறாவது சுற்றில்தான் அந்த 18 விநாடி நடை எவ்வளவு குட்டை என்பது தெரியும், மூச்சு வாங்குவதற்குள் அடுத்த விசில் அடித்துவிடும். மாநில அளவில் இவ்வளவு கடுமையாகக் கேட்க மாட்டார்கள் என்றாலும் இந்த அளவை மனதில் வைத்தே பழகுங்கள். பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துக்கு வாரம் ஒரு நாளாவது போய் டிராக்கில் ஓடுங்கள். மற்ற நாட்களில் உங்கள் பள்ளி கிரவுண்டே போதும், கோன் இல்லையென்றால் 75இல் ஒரு செங்கல், 100இல் ஒரு செங்கல். ராத்திரி பரோட்டாவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வள்ளியூரில் இருந்துகொண்டு அடியோடு விடச் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

சரி, அந்தக் கார்னர்.

நீங்கள் கொடுத்ததுதான் சட்டம். த்ரோ நேராக எதிரணிக் கோலுக்குள் போனால் கோல் கிக், எறிந்தவனின் சொந்தக் கோலுக்குள் போனால் எதிரணிக்குக் கார்னர். யார் மீதும் படாமல் த்ரோவில் கோல் விழவே விழாது. கோலியின் விரல் நுனியில் பட்டிருந்தால் அது கோல். ஆக, அன்றைக்கு மொத்தச் சண்டையும் பட்டதா படவில்லையா என்பதில்தான். உங்கள் கடிதத்தில் அதற்கு மேலே இருந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்: "நான் சென்டர் சர்க்கிள் பக்கம் நின்றேன், பந்து மேலேதான் வரும் என்று நினைத்தேன்." அங்கேதான் சட்டையைக் கொடுத்துவிட்டீர்கள். முடிவு சரி, ஆனால் அதை நாற்பது மீட்டர் தள்ளி நின்று சொன்னால் எந்த ஊர்க்காரன் நம்புவான்? கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பொடியன்கூட "ரெஃப்ரீ அங்கன நிக்காரு, அவருக்கு எப்படித் தெரியும்" என்றுதான் கேட்பான்.

ஒரு டீம் தன் கோலுக்குப் பக்கத்தில் த்ரோ எறிகிறது என்றால், பந்து எந்தப் பக்கம் போனாலும் கோலியும் எறிகிறவனும் ஒரே பார்வையில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். பெனால்டி ஏரியா முனைக்குக் கொஞ்சம் வெளியே, உடம்பைக் கோல் பக்கம் பாதி திருப்பி நில்லுங்கள். பந்து மேலே போனால் ஓடிப் பிடித்துக்கொள்ளலாம், அதற்குத்தானே அந்த 75 மீட்டர். அதுவும் நம் கடற்கரையில் ஆனி ஆடிக் காற்றில் பந்து எறிந்தவன் பேச்சையா கேட்கும்? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை டாஸ் போடும்போதே பார்த்து, எந்தக் கோலி திணறுவான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் சைகை. பந்து உள்ளே போனதும் நீங்கள் ஒரு கணம் யோசித்திருப்பீர்கள், அது இயல்பு. ஆனால் கூட்டம் அந்த ஒரு கணத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். விசில் ஒரு தடவை, உரக்க, நீளமாக. நடந்தல்ல, ஓடிப்போய்க் கார்னர் முனையைக் கையால் காட்டுங்கள். எதிரணிக் கேப்டனை மட்டும் கூப்பிட்டு ஒரே வாக்கியம்: "கோலி தொடலை, த்ரோவுல நேரா கோல் கிடையாது, கார்னர்." மற்ற யாரிடமும் பேச்சே வேண்டாம். 2024 யூரோ கோப்பையில் ரெஃப்ரீயிடம் கேப்டன் மட்டும்தான் வந்து பேசலாம் என்று வைத்தார்கள். திருவிழா கிரவுண்டுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. மேட்ச் தொடங்கும் முன்பே இரண்டு கேப்டனிடமும், விழாக் கமிட்டியிடமும் சொல்லிவிடுங்கள்.

சட்டையைப் பிடித்ததை யாரிடமாவது எழுதிக் கொடுத்தீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கமிட்டிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்த நிமிஷம், என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள். கோபமும் வேண்டாம், புலம்பலும் வேண்டாம். கமிட்டி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும், ஒன்றும் நடக்காது, எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுங்கள். நாளைக்கு ரெட் கார்டு கொடுத்தால் நீங்கள் எழுதுகிற ரிப்போர்ட்டை வைத்துத்தான் தண்டனை முடிவாகும், அந்தப் பழக்கம் இங்கிருந்தே வரட்டும். ஆங்கிலத்திலும் ஒரு பிரதி எழுதிப் பாருங்கள். மேல்மட்டத்தில் ரிப்போர்ட், வகுப்பு, காதில் மாட்டுகிற ஹெட்செட் பேச்சு எல்லாமே ஆங்கிலம்தான். இலக்கிய ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை, நடந்ததை வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஆட்ட விதிகள் 17. இஃபாப் என்கிற விதிக் குழுவின் செயலியில் முழுசாக, இலவசமாகக் கிடைக்கும். வருஷா வருஷம் மாறும், பழைய ஜெராக்ஸை வைத்துப் படிக்காதீர்கள். கோலி பந்தைக் கையில் ஆறு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்று இருந்தது அல்லவா? 2025-26 சீசனிலிருந்து எட்டு விநாடி, மீறினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை ரெஃப்ரீ கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். இதை உங்கள் ஊரில் முதல் தடவை செய்து காட்டும்போது இன்னொரு சண்டை வரும், மைக்கில் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. இந்தியாவில் விசிலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. தொடக்க வருஷங்களில் மேட்ச் ஃபீயில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் பெரிதாக இருக்காது. உலக அளவிலும் பெரிய ரெஃப்ரீக்கள் பலர் வேறு தொழில் வைத்திருந்தவர்கள்தான். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஊதிய ஹாவர்ட் வெப் போலீஸ்காரர். 2021இல் நடந்த யூரோ இறுதியாட்டத்தின் ரெஃப்ரீ பியோர்ன் கைப்பர்ஸ் நெதர்லாந்தில் சூப்பர் மார்க்கெட் வைத்திருந்தார். ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் பிரிச் சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆகவே அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: வேலை பி.டி. மாஸ்டர், அதோடு ரெஃப்ரீ. சனி ஞாயிறு விடுமுறையும், காலையும் சாயங்காலமும் கிரவுண்டும் கிடைக்கிற இந்த வேலையை, அரசுப் பள்ளியோ போலீஸோ ரயில்வேயோ கிடைக்கிறவரை விடாதீர்கள்.

கத்தார்தான் வேண்டும், துபாய்தான் வேண்டும் என்றால் உங்கள் கையில் ஏஜென்டைவிட நல்ல சாமான் இருக்கிறது, அந்த பி.பி.எட். சான்றிதழ். வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய. அவற்றுக்கு உடற்கல்வி ஆசிரியர் தேவை, நேரடியாகவே விளம்பரம் கொடுப்பார்கள். சான்றிதழை மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று வரிசையாக அட்டஸ்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கே நாள் இழுக்கும். ஆசிரியர் விசாவில் போய்ச் சேர்ந்த பிறகு, பள்ளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அந்நாட்டுச் சங்கத்தின் நடுவர் வகுப்புக்கு விண்ணப்பியுங்கள். வாங்காமல் காசுக்கு ஊதினால் விசாவுக்கே வினையாகலாம். அங்கே மலையாளிகள் நடத்துகிற, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளுக்கும் கூப்பிடுவார்கள், ஏன், ஆரியங்காவு தாண்டிக் கேரளாவுக்குள் போனால் இங்கேயே கூப்பிடுவார்கள், காசும் கொஞ்சம் கூடவே கிடைக்கும். ஆனால் சங்க அங்கீகாரம் இல்லாத போட்டியில் ஊதினால் பதிவு பெற்ற நடுவர் மேல் நடவடிக்கை வரலாம். தேர்வு எழுதிய பிறகு கேட்காமல் போக வேண்டாம்.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் ஊதலாம் என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே 14 வயதுப் பிள்ளைகூட நடுவர் வகுப்பில் சேரலாம் என்பது உண்மை. ஆனால் மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, உள்ளூர் மேட்ச் ஃபீ பொதுவாக அந்தக் கணக்கில்தான் வரும். பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்காமல் ஒரு பவுண்டு வாங்காதீர்கள். என்னைக் கேட்டால், ரெஃப்ரீ ஆவதற்காக லட்சக்கணக்கில் கடன் வாங்கி லண்டன் போவது ஏஜென்டுக்குக் கொடுப்பதைவிட மோசம்.

லாயக்கா என்று கேட்டிருந்தீர்கள். நூறு பேர் கத்தும்போது கோல் என்று கையைக் காட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம், நீங்கள் கார்னர் காட்டினீர்கள். சட்டம் தெரிகிறது, காட்டத் துணிச்சலும் இருக்கிறது. நிற்கிற இடம் தெரியவில்லை, அது சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும்.

தேர்வுக்குப் போகும்போது என்ன வாங்க வேண்டும் என்று கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே உருண்டை இல்லாத விசில் இரண்டு, ஃபாக்ஸ் 40 கிடைத்தால் நல்லது. மழையிலும் மணலிலும் அடைக்காது, ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கும். வாட்ச் இரண்டு, ஒன்று ஓடிக்கொண்டே இருக்க, ஒன்று நிறுத்தி ஓட்ட. கறுப்புச் சட்டை, கறுப்பு அரைக்கால் சட்டை, கறுப்பு ஷூ. ஆன்லைனில் ஃபிஃபா பேட்ஜ் தைத்தே சட்டை விற்கிறார்கள், மலிவாக இருக்கிறது என்று அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். தேர்வு எடுக்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.